ஸ்லாம் புக், ஸ்டுடியோ ஆல்பம், வகுப்பு மலர்: பிளஸ் டூ பிரியாவிடைக்கு எதற்குக் காசு கொடுக்கலாம்?

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே கத்தோலிக்கப் பள்ளிகளின் பிளஸ் டூ வகுப்புகளில் பிரியாவிடைப் பேச்சு கிளம்பிவிடும். பிளஸ் ஒன் பிள்ளைகள் விழா நடத்துவார்கள். திருப்பலி, மெழுகுவர்த்தி ஏற்றிக் கைமாற்றுவது, ஃபாதர் அல்லது சிஸ்டரின் வாழ்த்துரை, பிரியாணி என்று ஒரு நாள் போய்விடும். கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. கடைகளில் இதற்கென்று கிடைப்பவை மூன்று: ஸ்லாம் புக், ஸ்டுடியோக்காரர் செய்து தரும் ஆல்பம், டிஜிட்டல் பிரஸ்ஸில் அச்சடிக்கும் வகுப்பு மலர். மூன்றையும் தாள், தையல், எழுத்து வரைக்கும் பார்த்துச் சொல்வதானால், காசும் உழைப்பும் வகுப்பு மலருக்குத்தான் போகவேண்டும். ஒரே பெஞ்சில் இரண்டு வருடம் உட்கார்ந்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பற்றி எழுதுவது அதில் மட்டும்தான் நடக்கிறது.

ஸ்லாம் புக்கை முதலில் முடித்துவிடலாம். ஸ்டேஷனரிக் கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை ஸ்பைரல் போட்டவை. பளபள அட்டை, உள்ளே வண்ணம் அடித்த தாள். பக்கத்துக்குப் பக்கம் அதே கேள்விகள்: நிக்நேம், பிடித்த ஹீரோ, பிடித்த கலர், ஃபர்ஸ்ட் க்ரஷ், என்னைப் பற்றி ஒரு வரி. குறை அச்சில் இல்லை, கேள்வியில். அது எழுதுகிறவரின் பயோடேட்டாவைக் கேட்கிறது. புத்தகத்துக்குச் சொந்தக்காரரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைக் கேட்பதில்லை. நாற்பது பேரிடம் கொடுத்து வாங்கினால் நாற்பது ஹீரோக்களின் பெயர் சேரும். 'என்னைப் பற்றி' என்ற இடம் இரண்டு விரல் அகலம்தான், அதில் 'யூ ஆர் ஸோ ஸ்வீட்' என்பதற்கு மேல் எதுவும் கொள்ளாது. க்ரஷ் கேள்வி இருக்கிற புத்தகம் கான்வென்டில் சிஸ்டர் கண்ணில் பட்டால் திரும்பி வராது, அந்தப் பக்கத்தில் எழுதிய பிள்ளைக்கும் சங்கடம். அடர் நிறத் தாளில் நீல மை தெரியாது. ஸ்பைரல் ஓட்டைகள் விளிம்புக்கு மிக அருகில் இருப்பதால் பையில் இரண்டு வாரம் சுற்றினாலே முதல் பத்துத் தாள் பிய்ந்துவிடும். ஸ்லாம் புக்தான் வேண்டும் என்பவர்கள் கோடு போடாத, நூலால் தைத்த, 100 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் உள்ள சாதாரண நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கையால் எழுதிக்கொள்ளலாம்: 'நான் செய்து நீ மறக்காத ஒன்று எது?' செலவு குறைவு, பலன் அதிகம்.

ஸ்டுடியோ விஷயம் வேறு. குரூப் போட்டோ கட்டாயம் வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. அதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. முதலாவது வெளிச்சம். வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம் நேர்வெயிலில் வெளுத்துப்போய்க் காலரும் பொத்தானும் காணாமல் போகும்; வேப்பமரத்தடியில் நிற்க வைத்தால் முகத்தில் புள்ளிபுள்ளியாக வெயில் விழும். காலை ஒன்பது மணிக்குள், பள்ளிக் கட்டடத்தின் முழு நிழலில், வெயில் யார் முகத்திலும் விழாத பக்கமாகப் படி போட்டு நிற்க வைப்பதே பத்திரம். இரண்டாவது பெயர் வரிசை. 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று கீழே அச்சாகும் பட்டியலில் தவறு வராத வகுப்பு அரிது. முதல் கிளிக்குக்கும் கடைசி கிளிக்குக்கும் இடையே இரண்டு பேர் இடம் மாறியிருப்பார்கள், பட்டியல் முதல் கிளிக்கில் எழுதியது. கடைசிப் படம் எடுத்ததும் யாரும் நகராமல், ஒருவர் மொபைலில் வீடியோ ஓட விட்டு, ஒவ்வொரு வரிசையாக அவரவர் பெயரை அவரவரே சொல்லச் சொன்னால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆரோக்கியராஜ் மூன்று பேரும் அந்தோணி இரண்டு பேரும் உள்ள வகுப்பில் இது இல்லாமல் முடியாது.

குரூப் போட்டோவோடு ஸ்டுடியோக்காரர் சேர்த்துச் சொல்லும் ஆல்பத்தைத்தான் யோசிக்க வேண்டும். கல்யாண ஆல்பம் செய்யும் அதே கிழியாத என்.டி. ஷீட்டில் செய்து தருவார்கள். கனமாக, அழகாக இருக்கும், வண்ணம் பல வருடம் நிற்கும். ஆனால் அது பிளாஸ்டிக் சேர்ந்த தாள். பால்பாயின்ட் பேனா வழுக்கும், ஜெல் பேனா மை காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும். ஓ.எச்.பி. மார்க்கர்தான் பிடிக்கும், அதில் நாலு வரி எழுதக் கை வராது. விலை காரணமாக வகுப்புக்கு ஒரே ஒரு ஆல்பம் போட்டால் அது ஆபீஸ் அலமாரிக்குப் போய்விடும், பிள்ளைகளிடம் எதுவும் இருக்காது. பள்ளிக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்கவென்றால் சரி.

இனி மலர். உள்ளூரில் 13க்கு 19 அங்குல ஷீட் ஓட்டும் டிஜிட்டல் பிரஸ் இருந்தாலே போதும். ஆஃப்செட் வேண்டாம், பிளேட் செலவு சில நூறு பிரதிகளுக்கு மேல் போனால்தான் கட்டுப்படியாகும், ஒரு வகுப்புக்குத் தேவை அறுபது பிரதி. அளவு ஏ5 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷீட்டின் ஒரு பக்கத்தில் நாலு ஏ5 அடங்கும், இரு பக்கமும் சேர்த்து எட்டுப் பக்கம். 48 பேர் உள்ள வகுப்பென்றால் ஆளுக்கொரு பக்கமாக 48, முன்பகுதிக்கு 12 (தலைப்பு, தலைமையாசிரியர் வாழ்த்து, ஆசிரியர்கள், குரூப் போட்டோ), கையெழுத்துக்கு வெற்றுப் பக்கம் 20, மொத்தம் 80. இது எட்டாலும் பதினாறாலும் வகுபடும். ஒரு பிரதிக்குப் பத்து ஷீட், அறுபது பிரதிக்கு அறுநூறு ஷீட். ஒரு ஷீட்டில் இரண்டு அட்டை வருவதால் அட்டைக்கு முப்பது ஷீட். இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போய் விலை கேட்டால் இரண்டு பிரஸ்ஸை ஒப்பிட முடியும். 'ஒரு புக் எவ்வளவு?' என்று கேட்டால் ஆளுக்கொரு தாளை மனதில் வைத்து ஆளுக்கொரு விலை சொல்வார்கள். உள்ளே எத்தனை பக்கம் கலர், எத்தனை பிளாக் அண்டு ஒயிட் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். விலை அதில்தான் ஏறும்.

உள்தாள் 100 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத வெள்ளைத் தாள். ஆர்ட் பேப்பர் மினுமினுப்பாக இருக்கும், பிரஸ்ஸிலும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் மை இழுவும், விரல் பட்டால் அழியும். மேப்லித்தோவில் கலர் படம் கொஞ்சம் மங்கும், கறுப்பு வெள்ளை முகங்கள் நன்றாகவே வரும். ஆகவே 48 பக்கங்களையும் கறுப்பு வெள்ளையில் போட்டு, குரூப் போட்டோவுக்கு மட்டும் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பரில் நாலு பக்கம் சேர்க்கலாம். இந்த நாலும் மேலே சொன்ன எண்பதுக்கு வெளியே. சேர்ப்பதானால் முன்பகுதியில் குரூப் போட்டோவுக்கு வைத்த இடத்தை ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அட்டை 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன்.

பைண்டிங்கில்தான் பல மலர்கள் உயிர் விடுகின்றன. எண்பது பக்கத்துக்குச் சென்டர் பின் அடித்தால் புத்தகம் மூடிக் கிடக்காது, நடுத்தாள்கள் வெளியே துருத்தும். பெர்ஃபெக்ட் பைண்டிங் என்னும் பசை பைண்டிங் சீக்கிரம் முடியும். ஆனால் இந்தப் புத்தகத்தை நாற்பது பேர் நாற்பது தடவை அகல விரித்து, முதுகை அழுத்தி எழுதப் போகிறார்கள். சூடான பசை அந்த அழுத்தத்தில் விரிசல் விடும், முதலில் கழன்று வருவது ஆர்ட் பேப்பர் தாள்கள்தான், ஏனென்றால் அதன் பூச்சு பசையை உள்ளே விடாது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பதினாறு பக்க ஃபாரமாக மடித்து நூலால் தைக்கும் செக்ஷன் சூயிங் கேளுங்கள். எண்பது பக்கம் ஐந்து ஃபாரமாக வரும், நாலு பக்க ஆர்ட் பேப்பரை நடு ஃபாரத்தின் நடுவில் வைத்துத் தைத்துவிடலாம். புத்தகம் மேசையில் தட்டையாக விரிந்து கிடக்கும், எழுதச் சுகம். முதுகின் தடிமன் ஐந்து மில்லிமீட்டரைச் சுற்றித்தான் வரும். அதில் பெயர் அச்சடித்தால் ஒரு பக்கமாக வழிந்துவிடும், வேண்டாம்.

அட்டை நிறம் பற்றி ஒன்று. கான்வென்ட் என்றால் மாதாவின் நீலம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். திரையில் நீலமாக இருப்பது அச்சில் ஊதாவாக வருவது இந்த நிறத்தில்தான் அதிகம். அச்சு மைகளில் சயானும் (வெளிர்நீலம்) மெஜென்டாவும் (கருஞ்சிவப்பு) சம அளவில் இருந்தால் ஊதா அடிக்கும். மெஜென்டா சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். பள்ளி முத்திரையை வெப்சைட்டிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள், ஓரம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆபீஸில் கோரல்டிரா ஃபைல் பெரும்பாலும் இருக்கும், அனுமதியோடு கேட்டு வாங்குங்கள். இயேசு சபைப் பள்ளியென்றால் முதல் பக்கத்தின் மேலே ஏ.எம்.டி.ஜி. ('இறைவனின் மேலான மகிமைக்கு' என்ற அந்தச் சபையின் லத்தீன் வாசகச் சுருக்கம்) இருக்கவேண்டும். பரீட்சைத் தாளில் அதை எழுதிப் பழகிய பிள்ளைகள் அது இல்லாததை உடனே கவனிப்பார்கள்.

முகப் படங்களுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் அளவு போதும். 300 டி.பி.ஐ.க்கு 413க்கு 531 பிக்சல், எந்த மொபைலும் தரும். கெடுப்பது வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படத்தையே போடுவது எளிது, ஆனால் அதில் 48 பேரும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார்கள். வராந்தா ஓரத்தில், ஒரே சுவரின் முன், ஒரே ஆள் ஒரு மதிய இடைவேளையில் எல்லோரையும் எடுத்துவிடலாம்.

இப்போது எழுத்து. மலர் மலராவது இங்கேதான். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மேலே சொன்ன தாளும் தையலும் வீண். ஏ5 பக்கத்தில் மேலே பெயர், பக்கவாட்டில் படம், கீழே 11 பாயின்ட் எழுத்தில் தாராளமாக இடைவெளி விட்டால் நூறிலிருந்து நூற்றுப்பத்துச் சொல் பிடிக்கும். அதற்கு மேல் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே அளவு. ஒருவருக்கு ஒன்றரைப் பக்கமும் இன்னொருவருக்கு நாலு வரியும் போனால், அந்த நாலு வரிக்காரர் வீட்டில் அதைக் காட்டமாட்டார்.

யார் எழுதுவது? 'நன்றாக எழுதும்' ஒரே பிள்ளையிடம் 48-ஐயும் ஒப்படைப்பதுதான் வழக்கமான தவறு. பத்துக்குப் பிறகு எல்லாம் ஒரே அச்சாகிவிடும். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். விடுதி மாணவர் என்றால் அறைத்தோழர். நன்றாக எழுதுகிறவர் கடைசியில் பிழை மட்டும் திருத்தட்டும்.

'நல்ல உள்ளம் கொண்டவள், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள், கலகலப்பானவள்' என்று ஒரு பக்கம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயரை மாற்றினால் வகுப்பில் யாருக்கும் பொருந்தும் வரி யாருக்கும் உரியதில்லை. 'காலைச் செபத்துக்கு வாசகத் தாளை யார் வேண்டாம் என்றாலும் இவள் வாங்கிக்கொள்வாள். தெசலோனிக்கர் என்ற பெயரில் தடுக்காமல் போனது வகுப்பில் இவள் ஒருத்திதான்' என்று எழுதினால் ஆள் நேரில் வந்து நிற்பாள். எழுதுகிறவருக்குக் கை வராவிட்டால் நாலு கேள்வி கொடுங்கள்: மணி அடித்ததும் இவன் முதலில் செய்வது என்ன? டிபன் பாக்ஸில் எதை யாருக்குக் கொடுப்பான்? எந்த ஆசிரியரின் வகுப்பில் குரல் மாறும்? உடம்பு சரியில்லாமல் வராத நாளில் வகுப்பில் எது நடக்காமல் போகும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் அப்படியே அச்சுக்குப் போகலாம். அதிகம் பேசாத பிள்ளைகளைப் பற்றி எழுத அது ஒன்றே வழி. லேபில் பிப்பெட்டைக் கழுவி வைப்பதும், மழை வந்தால் ஜன்னல் சாத்துவதும், சாக்பீஸ் தீருமுன் ஆபீஸிலிருந்து வாங்கி வருவதும் யார் என்று அப்போதுதான் வெளிவரும்.

'இவர்' என்பதா, 'இவள், இவன்' என்பதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். தோழி எழுதுவது 'இவள்' என்றிருப்பதே இயல்பு. சில பள்ளிகளில் சிஸ்டர் 'இவர்' வேண்டும் என்பார், அப்போது 48 பக்கத்திலும் மாற்றவேண்டும். பாதிப் பக்கம் இப்படியும் பாதி அப்படியும் அச்சாவதுதான் மோசம்.

விடவேண்டியவை: மதிப்பெண், எடை, உயரம், நிறம், யாரோடு யாரைச் சேர்த்துப் பேசினார்கள் என்பது, சாதியைக் காட்டும் எதுவும். பட்டப்பெயர் அந்தப் பிள்ளையே ஒப்புக்கொண்டால் மட்டும். மொபைல் எண்ணும் வீட்டு முகவரியும் அச்சில் வரவே கூடாது, எந்தப் பிரதி யார் கைக்குப் போகும் என்று சொல்லமுடியாது. வகுப்பில் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். 'இயேசுவின் ஆசீர் என்றும் உன்னோடு' என்ற ஒரே வரியை எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒட்டுவது அன்புதான், ஆனாலும் எழுதியவர் மனதார எழுதிய இடத்தில் மட்டும் அது நிற்கட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்தப் பிள்ளையிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

வரிசையை அகரவரிசையிலோ ரோல் நம்பர்படியோ வைக்காமல், உட்கார்ந்திருந்த பெஞ்ச் வரிசையில் வையுங்கள். பக்கத்தில் இருந்தவர்கள் புத்தகத்திலும் அடுத்தடுத்த பக்கத்தில் வருவார்கள். இதைவிட நல்ல வரிசை கிடையாது. பெயரை அந்தப் பிள்ளை எழுதுகிறபடியே போடுங்கள். ஜோசப்பை யோசேப்பு ஆக்கவோ சேவியரைச் சவேரியார் ஆக்கவோ வேண்டாம். இனிஷியல் தமிழிலா ஆங்கிலத்திலா என்பது மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

டி.டி.பி. கடையில் கவனிக்கவேண்டியது எழுத்துரு. பிள்ளைகள் மொபைலில் யூனிகோடில் தட்டிக் கொடுப்பார்கள், பழைய பேஜ்மேக்கர் வைத்திருக்கும் கடை அதைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும். மாற்றும்போது இடையில் இருக்கும் ஆங்கிலச் சொல் சிதைந்து புரியாத தமிழெழுத்துக் குவியலாகும். ஸ்ரீ, க்ஷ, ஔகாரம் வரும் இடங்கள் உடையும். இன்டிசைன் வைத்திருக்கும் கடை நல்லது, ஆனால் அதிலும் வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடைசி புரூஃபைத் திரையில் பார்க்காமல் பிரிண்ட் எடுத்து, எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஆளுக்கொரு முறை படிக்கவேண்டும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டியும் நீளும் அச்சு) விட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அட்டையில் அது இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும்.

நாள் கணக்கு. எழுத்தும் படமும் அரையாண்டு விடுமுறைக்கு முன் கைக்கு வந்துவிட வேண்டும். ஜனவரியில் ரிவிஷன் டெஸ்ட், பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு. பிறகு யாரும் எழுதித் தரமாட்டார்கள். பொங்கலுக்குப் பிரஸ் நாலு நாள் மூடும், திறந்ததும் தை மாதக் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையில் நிற்கும். அதனால் லேஅவுட் பொங்கலுக்கு முன் முடியட்டும். தைக்கிற வேலைக்கு அச்சு முடிந்து ஒரு வாரமாவது கொடுங்கள், பசை காயுமுன் வாங்கி வந்தால் அட்டை வளையும். விழா தேதியைப் பள்ளி எப்படி வைக்கும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். தவக்காலம் தொடங்கிவிட்டால் விருந்தோடு கூடிய விழாவுக்கு அனுமதி கிடைப்பது சிரமம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் 2026-இல் பிப்ரவரி 18; 2027-இல் பிப்ரவரி 10-லேயே வந்துவிடுகிறது, எட்டு நாள் முன்னதாக. சலேசியப் பள்ளிகளில் ஜனவரி 31 தொன் போஸ்கோ விழா; அந்த வாரத்தில் கையெழுத்து வாங்க ஃபாதர்களைப் பிடிக்க முடியாது.

பிரதி எண்ணிக்கையை 48-இல் நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களுக்கு, நூலகத்துக்கு, லேப் உதவியாளருக்கும் வாட்ச்மேனுக்கும், பிளஸ் ஒன்னில் டி.சி. வாங்கிப் போன பிள்ளைக்கு ஒன்று என்று பன்னிரண்டு கூடப் போகும். அப்படிப் போன பிள்ளைக்கும், காலமான தோழர் இருந்தால் அவருக்கும், பெஞ்ச் வரிசையில் அவரவர் இடத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கையெழுத்துப் பக்கத்தில் ஒன்றிரண்டைக் குறைத்தால் கணக்கு மாறாது. மலரை விழாவுக்கு இரண்டு நாள் முன்பே வகுப்பில் கொடுத்துவிடுவது நல்லது, விழா அன்று கூட்டத்தில் கையெழுத்து வாங்க நேரம் இருக்காது. பால்பாயின்ட் மட்டும் என்று சொல்லிவிடுங்கள். அச்சுக்குப் போன பி.டி.எஃப்.ஐப் பிரஸ்ஸிலிருந்து வாங்கி, வகுப்பாசிரியர் மெயிலில் ஒன்றும் மாணவர் இருவரிடம் ஒவ்வொன்றும் வைத்துக்கொண்டால் பிறகு யாராவது பிரதி கேட்கும்போது ஒன்றிரண்டு மட்டும் அடித்துக் கொடுக்கலாம்.